போன் ஆகாத வீடு

அப்பாவின் கூட்டாளி கோட்டைச்சாமியின் ஷேர் ஆட்டோவிலிருந்து உதயகுமார் இறங்கியதுதான் தாமதம், பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒவ்வொருவராகச் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்து அணைத்தார்கள். அப்பாவின் கேத வீட்டுக்கு வந்தவனுக்கு எழுந்து துக்கம் கேட்கக் கையை நீட்ட வேண்டியவர்கள், போனை அணைத்துவிட்டுத்தான் நீட்டினார்கள்.

"எல்லாம் உங்கப்பா பழக்கி வச்சது தம்பி," என்றார் கோட்டைச்சாமி. "நீங்க லீவுல வந்தாலும் உங்க வேலை கெட்டுருமுன்னு தெருவுல ஒரு போனு அடிக்க விடமாட்டாருல்ல. இன்னைக்கு மட்டும் விட்டுருவமா?"

உதயகுமாரின் பேண்ட் பையில் அவனுடைய போன் உயிரோடுதான் இருந்தது. மதுரை விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் அதில்தான் ஆபீஸுக்குப் பதில் அனுப்பிக்கொண்டு வந்தான்.

அப்பா தங்கசாமி, எம்.ரெட்டியபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். நெஞ்சு வலியென்று இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து நேற்று சாயங்காலம் போய்ச் சேர்ந்திருந்தார். மகன் புனேப் பக்கம் ரேடியோ தொலைநோக்கிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவன். கேலக்ஸிகளின் விளிம்பில் ஹைட்ரஜன் வாயு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அளப்பது வேலை. கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களின் எடைதான் மொத்த எடை என்றால், அந்த வேகத்துக்கு வாயு என்றைக்கோ சிதறிப் போயிருக்க வேண்டும். சிதறவில்லை. அப்படியானால் ஒளியே விடாத ஏதோ ஒன்று ஏராளமாக இருந்து அதை இழுத்துப் பிடித்திருக்கிறது. அதைக் கரும்பொருள் என்கிறார்கள். நடுவில் இருக்கும் கருந்துளையையும் யாரும் நேராகப் பார்த்து எடை போடுவதில்லை; சுற்றி ஓடுகிறவற்றின் ஓட்டத்தை வைத்துத்தான் போடுகிறார்கள்.

அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, தன் பயணிகளுக்குத் தன் பாணியில் சொல்வார். "பதினாலு பேர ஏத்திக்கிட்டு வளைவுல வாரேன். வண்டி சாயல. அப்ப உள்ள எவனோ பிடிச்சிருக்கான்னுதான அர்த்தம்?" நம்பாதவர்களுக்காக ஆட்டோவை ஓரங்கட்டி மகனுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் விடுவார். "பேசுலே, நம்ம சனங்க கேக்குறாக."

அப்படி ஒருநாள் போன் வந்தபோது உதயகுமார் கூட வேலை செய்கிறவர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். ஹார்ன் சத்தம், ஆட்டுக்குட்டியின் கத்தல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொம்பளைக் குரல்: "மேல சாமி எதும் தெரியுதாப்பா?" மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் அவனுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"இங்க போனே போடக் கூடாதுப்பா," என்றான் அன்று. "டெலஸ்கோப்புக்கு வர்ற சிக்னல் கெட்டுரும்."

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை, பதறிப்போனார். "ஆத்தாடி! இங்கன இருந்து நான் போட்டாலும் கெடுமாலே?"

"ஆமாப்பா. உங்க போனுந்தான்."

பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. தொலைநோக்கிக்குப் பக்கத்தில் போன் கூடாது என்பது நிஜம். கோடிக்கணக்கான வருஷம் பயணப்பட்டு வரும் சமிக்ஞை அவ்வளவு மெலிசு, பக்கத்தில் ஒரு போன் இருந்தாலே அமுங்கிப்போகும். ஆனால் அவன் அங்கே போவதே அபூர்வம். மற்ற நாளெல்லாம் நகரத்தில் ஏசி அறை, கம்ப்யூட்டர், கைக்கெட்டும் தூரத்தில் போன். அதற்குப் பிறகு அப்பா கூப்பிட மாட்டார். இவனே எப்போதாவது கூப்பிடுவான். "இந்த மாசம் பூரா பாக்க வேண்டியிருக்குப்பா," என்று சொல்லிவிட்டால் அந்த மாதம் நிம்மதி.

"மகன் பாக்குற நாளுன்னா அண்ணன் போன ஆஃப் பண்ணிப் போட்டுருவாரு," என்று கோட்டைச்சாமி பந்தலில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். "போன் போட்டு வண்டிக்குச் சொல்ற சனம் பூரா என் வண்டிக்கு வந்துரும். பொழப்பு கெடுதேண்ணேன்னா, ‘போகட்டும்லே, அவன் வேலை கெடக் கூடாது’ம்பாரு."

உதயகுமாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்பாவின் வாயில் அரிசி போடக் குனிந்தபோது பைக்குள் போன் துடித்தது. துணியோடு சேர்த்து அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே மற்ற கையால் அரிசியைப் போட்டான். அம்மா சௌந்தரம் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டான் பாருங்க," என்றாள் அப்பாவிடம். "வேலைய முடிச்சிட்டு வந்துட்டான். நாங்க யாரும் அவன் வேலையக் கெடுக்கல."

அந்தச் சொல்லைத் தாங்க முடியாமல் அவன் கொல்லைப்பக்கம் போனான். எல்லாவற்றையும் அம்மாவின் காலில் விழுந்து சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. தண்ணீர் டிரம் பக்கத்தில் தங்கை முனீஸ்வரி குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நேத்து முத ரிங்லயே எடுத்துட்டயேண்ணே," என்றாள், நிமிராமல்.

அவன் குடத்தை வாங்கக் கையை நீட்டினான்; அவள் கொடுக்கவில்லை.

"எடுக்க மாட்டன்னு தெரிஞ்சுதான் போட்டேன். அப்பா போயிட்டாக, இனி எது கெட்டா என்னன்னு போட்டேன். ஒடனே எடுத்துட்ட." கழுவிய குடத்தில் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். "ஆஸ்பத்திரில நான் போன எடுக்குறப்பெல்லாம் கையப் பிடிச்சுக்கிட்டாக. இந்த மாசம் பூரா பாக்குறான், கெடுத்துறாத தாயின்னு. அதே வாயால, உதயனுக்கு எப்ப லீவுன்னும் கேட்டாக. உன் போனு எப்பவுமே ஆன்லதான் இருக்குமாண்ணே?"

அவள் கூப்பிட்டபோது மேஜைமேல் காலைப் போட்டுக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருந்ததே அந்தப் போனில்தான். "ம்," என்றான்.

முனீஸ்வரி நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "அம்மாட்ட சொல்லிராத. நான் ஒரு தடவை மறைஞ்சு நின்னு போடப் போனேன். அப்பா சொல்லிட்டாகல்லன்னு போனப் பிடுங்கி வச்சுக்கிட்டது அம்மாதான். நீ சொன்னது பொய்யின்னு தெரிஞ்சா உசுரோட இருக்க மாட்டாக."

அவ்வளவுதான். விழுந்து சொல்லி அழக்கூட அவனுக்கு வழியில்லாமல் போயிற்று.

மொட்டை அடித்து, கொள்ளிக்குடம் தூக்கி, சொன்ன இடத்தில் உடைத்து, கொள்ளி வைத்தான். சுடுகாட்டில் எவனுடைய போனோ அடித்தது. "அமத்துடா, அண்ணன் இருக்காரு," என்று கோட்டைச்சாமி அதட்டினார். சொன்ன பிறகுதான் அவருக்கே என்ன சொன்னோம் என்று உறைத்து, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குளித்துவிட்டு வீடு திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாடகைக்கு எடுத்த பெரிய மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா இடுப்பிலிருந்து அப்பாவின் பட்டன் போனை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"திருச்சுழிச் சித்திக்கு இன்னும் சொல்லலய்யா. அவ நம்பரு இதுலதான் கெடக்கு." கொஞ்சம் தயங்கினாள். "இப்பப் போட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?"

வாசலில் நின்ற முனீஸ்வரி அவனைப் பார்த்தாள்.

"ஆகாதும்மா."

"அங்க வேற யாரும் பாத்துக்கிட்டு இருக்க மாட்டாகளே?"

"மாட்டாகம்மா. போடலாம்."

பொத்தானை அழுத்திப் பிடித்தான். போனில் வெளிச்சம் வந்தது. அணைந்து கிடந்தபோது கூப்பிட்டவர்களின் தகவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போன் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. சித்தியின் எண்ணைத் தேடுவதற்குள் மணியே அடித்துவிட்டது. எடுத்துக் காதில் வைத்தான்.

"தங்கசாமி, நான் சந்தனம்மா பேசுறேன்," என்றது வயதான குரல். "பருத்தி மூட்டையோட மெயின்ரோட்டுல நிக்கேன். நேத்துப் பூராப் போட்டேன், ஆஃப்லயே கெடந்துச்சு. சரி, வானத்தப் பாக்குறான் போலன்னு விட்டுட்டேன். மகன் பாத்து முடிச்சிட்டானாப்பா?"

உதயகுமார் போனைக் காதோடு இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டான்.

"அலோ? தங்கசாமி? முடிச்சிட்டானா?"

அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, ஓசைப்படாமல் கையை நீட்டி மின்விசிறியை அணைத்தாள்.