தலைதொட்டம்மை என்று ஒருத்தி இல்லை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு முதலில் கிடைத்தது ஆள் இல்லை, ஒரு சொல். தென்காசியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார். ரசம் வருவதற்குள் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டார். தலைதொட்டம்மை. ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாயைச் செங்கோட்டைப் பக்கம் சிலர் அப்படிச் சொன்னார்களாம். இப்போது அங்கே யாரும் சொல்வதில்லை. உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பெலிக்ஸுக்குத் தெரியாது. கதை அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: ‘குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு...’ வேண்டாம். குற்றாலம் என்றாலே சாரலை இழுத்துவந்து நனைத்துவிடுகிறோம்.

இரண்டாவது: ‘ஆட்டோ ஓட்டும் பெலிக்ஸுக்கு முப்பத்து நாலு வயதில் கல்யாணம் கூடியது.’ இது பரவாயில்லை. அவனுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கோயிலுக்குக் கிளம்புமுன் மாப்பிள்ளையின் தலையில் கைவைத்து ஆசி கொடுக்க வேண்டும். “அம்மா எடத்துல ஞானத்தாய் நிக்கட்டும்” என்று பெண்வீட்டார் சொல்லிவிட்டார்கள். தலையில் வைக்க ஒரு கைகூட இல்லாமல் கல்யாணத்துக்குப் போவதா என்று அவனுக்கும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதை என்னிடம் மட்டும்தான் சொன்னான்.

அவள் யாரென்று தெரிந்துகொள்ள, கோயில் அலுவலகத்தில் ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கினான். பழைய பதிவேட்டைக் கணினியில் ஏற்றிய முத்துச்செல்வி, ‘ஞானத்தாய் பெயர்’ என்ற கட்டத்தில் கண்ணில் பட்டதை அப்படியே அடித்திருந்தாள்: தலைதொட்டம்மை.

[முத்துச்செல்வியைக் கேலி செய்யலாம் என்றிருந்தேன். சங்கரம்மாளும் முப்பிடாதியம்மாளும் இருக்கிற ஊரில் இது மட்டும் ஏன் பெயராக இருக்கக் கூடாது என்று தோன்றியதும் விட்டுவிட்டேன்.]

3

பெலிக்ஸ் தேடினான். சுரண்டையில் ஒரு முத்தம்மை கிடைத்தாள். அது தலைதொட்டம்மையின் சுருக்கமோ என்று சந்தேகப்பட்டு ஆதார் அட்டையைக் கேட்டான்.

“ஏலே, எம்பேரு எனக்குத் தெரியாதா?” என்று விரட்டினாள்.

ஆய்க்குடியில் வாக்காளர் பட்டியலோடு அலைகிற நல்லகண்ணு, பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “செத்துருந்தாக்கூட இதுல பேரு இருக்குமேடே.”

[ராயகிரியில் ஒரு ஆடு வருகிறது. எதற்கென்று எனக்கே தெரியாததால் எடுத்துவிட்டேன்.]

4

குற்றாலத்தில் டீக்கடை வைத்திருக்கும் மசூது, சீசனுக்குச் சீசன் மலையாளிகளுக்கு டீ ஆற்றுகிறவர். சான்றிதழைப் படித்ததும் சிரித்தார்.

“இது பேரு இல்லடே. ஞானத்தாயத்தான் மலையாளத்துக்காரங்க இப்படிச் சொல்லுவாவ. தலையத் தொட்ட அம்மை.”

“அப்ப பேரு?”

“அத எழுதாம உட்டுட்டாவ.”

பெலிக்ஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். பதினேழு நாளாகத் தேடியவள் ஒரே நொடியில் இல்லாமல் போனாள். பெற்றவளுக்கு அழுததுபோலவே இந்த இல்லாதவளுக்கும் அழுதான். எழுதுகிற எனக்கே சங்கடமாகிவிட்டது.

மசூதுக்குப் பொறுக்கவில்லை. “ஒன் தலையத் தொட்டவரு அங்கனதான இருக்காரு” என்று எதிரே கைகாட்டினார்.

எதிரே எண்ணெய் தேய்த்துவிடும் மந்திரமூர்த்தி, அருவிக்குப் போகிற ஒருவரின் மண்டையைத் தாளம்போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். பெரிய மீசைக்காரர். இருபது வருஷமாக பெலிக்ஸின் தலை அவர் கையில்தான்.

“அண்ணாச்சி, நீங்க எனக்கு ஞானத்தாயா வரணும்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். “வருதேன். ஆனா சேலை கெட்ட மாட்டேன்.”

5

முடிவு அ: நிஜமான ஞானத்தாய் பஸ்ஸிலிருந்து இறங்கி... (பச்சைப்பொய்.)

முடிவு ஆ: மீசையைப் பார்த்த பெண்வீட்டார் கல்யாணத்தை நிறுத்தி... (எனக்கு மனசு வரவில்லை.)

சரி, கல்யாணக் காலை. பெலிக்ஸ் கோட்டு சூட்டோடு முழங்கால் போட்டிருக்கிறான். பெண்ணின் அத்தை, “ஞானத்தாய் எங்க?” என்கிறாள். “நாந்தான்” என்று மந்திரமூர்த்தி முன்னால் வருகிறார். யாரோ சிரிக்க ஆரம்பித்து, பெலிக்ஸின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறார்.

மந்திரமூர்த்தி கையை நீட்டுகிறார். கை பாதியில் நின்றுவிடுகிறது.

“எண்ணெ இல்லாம ஒரு தலையத் தொட்டதே இல்லையேடே” என்கிறார்.

தலைக்கு நாலு விரற்கடை மேலே அந்தக் கை அப்படியே நிற்கிறது. பெலிக்ஸ் கண்ணை மூடிவிட்டான். இறக்கி வைக்கலாம் என்றால் எனக்கு எட்டவில்லை, நடுவில் தாள் இருக்கிறது. உங்கள் கை சும்மாதானே இருக்கிறது?