அம்மா கழுவிய மரம்

ராகினியின் பூஞ்சை வேலைநிறுத்தம் செய்துவிட்டது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் இதை இப்படிச் சொல்ல மாட்டார்கள். 'வீரியம் குறைந்துவிட்டது' என்பார்கள். ஆனால் நானும் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தட்டு நிறையப் பஞ்சு மாதிரி படர்ந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, கொழுத்துப்போய், செய்ய வேண்டிய ஒரே வேலையை மட்டும் அது செய்யவில்லை. எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. என்னுடைய மூன்றாண்டுக் கல்லூரி வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான்.

அது இலைக்குள் வாழும் பூஞ்சை. நல்ல ஆரோக்கியமான செடியில் ஓர் இலையைக் கிள்ளினாலும் உள்ளே இப்படிப் பல பூஞ்சைகள் சத்தமில்லாமல் குடியிருக்கும். செடிக்கு நோய் எதுவும் வராது. சில பூஞ்சைகள் வாடகை கொடுப்பதுபோல ஏதாவது ஒரு இரசாயனத்தைச் சுரந்து, வரும் கிருமிகளை விரட்டும். அப்படிச் சுரப்பதில் மருந்துக்கு ஆகக்கூடியது உண்டா என்று தேடுவதுதான் எங்கள் பேராசிரியர் டாக்டர் ஹமீதாவின் கூடத்தில் வேலை. ராகினிக்குக் கிடைத்தது கறிவேப்பிலைக்குள் இருந்த ஒன்று. கிருமி பரப்பிய தட்டில் அதன் சாற்றை ஒரு சொட்டு வைத்தால், சுற்றிலும் தெளிவாக ஒரு வட்டம் விழும். வட்டத்துக்குள் ஒரு கிருமியும் இருக்காது.

பழைய தட்டிலிருந்து புதுத் தட்டுக்கு மாற்ற மாற்ற அந்த வட்டம் சிறுத்துக்கொண்டே வந்து, ஒரு நாள் காணாமலே போனது.

"செடிய விட்டுப் பிரிஞ்சு ரொம்ப நாளாச்சுன்னா சிலது இப்படி ஆகும்" என்றார் டாக்டர் ஹமீதா. "அதே மரத்துல புதுசா இலை எடுத்து, மறுபடி வளர்த்துப் பாரு. மாசக் கடைசிக் கூட்டத்துக்குள்ள வட்டம் வரணும் ராகினி. வரலைன்னா மாஸ்டர்ஸ் இடத்த வேற ப்ராஜெக்டுக்குத்தான் கொடுக்கணும். எனக்கு வேற வழியில்ல."

ராகினி தலையாட்டினாள். அவள் கத்தமாட்டாள், அழமாட்டாள். கவலை வந்தால் மேசையைத் துடைப்பாள். அன்று என் மேசையையும் சேர்த்துத் துடைத்தாள்.

அதே மரம் என்பது எங்கள் வீட்டு மரம். ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலை மரத்திலிருந்து வாரா வாரம் ஒரு கொத்து நான்தான் கொண்டுபோய்க் கொடுத்து வந்தேன். ராகினிக்காக என்றதும் அம்மா அதை நாளிதழில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டுக் கொடுப்பார். எதற்கென்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இந்த முறை பறிப்பதிலிருந்து எல்லாமே சரியாக நடக்க வேண்டுமென்று ராகினி தானே சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள். அதை நான் வீட்டில் சொன்னபோது அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவளே எதுக்குடா வரா? நீ கொண்டுபோறது அவங்க வீட்டுச் சாம்பாருக்குப் பத்தலையாமா?"

"சாம்பாருக்கு இல்லம்மா. நம்ம மரத்துக்குள்ள பூஞ்சை இருக்கு. அதுக்குத்தான் வரா."

கத்தி நின்றது.

"எங்க இருக்கு?"

"எல்லா இலைக்குள்ளயும்."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"அவதாம்மா கண்டுபிடிச்சா."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "டேய் கோகுலா, அவங்க யாழ்ப்பாணத்து ஆளுங்கடா. தாத்தா காலத்துலருந்து ஆபீஸ் உத்தியோகம். வீடு கண்ணாடி மாதிரி இருக்கும். அவங்களுக்கா நான் இத்தனை நாளா பூஞ்சை புடிச்ச இலைய அனுப்பினேன்?"

"அது நல்ல பூஞ்சைம்மா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். அம்மாவின் காதில் அது 'நல்ல பாம்பு' என்பதுபோல விழுந்திருக்க வேண்டும்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெயர் ஜெகதீஸ்வரி. புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடை போட்டு, கண் மட்டும் தெரிய உள்ளே போக வேண்டிய அறை. ஒரு முடி விழுந்தால் வேலை நின்றுவிடும். அங்கே பழகிய கை வீட்டுக்கு வந்தும் ஓயாது. விருந்தாளி வருகிறார் என்றால் ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். அந்த வாரம் அம்மா கொல்லைப் பக்கமே இருந்தார். நான் கைப்பேசிப் பக்கமே இருந்தேன்.

சனிக்கிழமை ராகினி குளிர்ப்பெட்டியும் கத்தரிக்கோலுமாக வந்தாள். அம்மா பட்டுக்குச் சற்றே குறைந்த ஒரு புடவையில் இருந்தார். கேசரி தயார். கொல்லைக் கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை அடித்தது. கறிவேப்பிலை மரத்திலிருந்து எலுமிச்சை வாசனை வரக் கூடாது என்ற அளவுக்கு எனக்கும் தாவரவியல் தெரியும்.

மரம் பளபளவென்று நின்றது. இலைக்கு இலை மினுக்கியது.

"ஒவ்வொரு இலையாப் புடிச்சுப் பாத்திரம் கழுவுற சோப்புல கழுவினேன்மா" என்றார் அம்மா. "இப்ப தாராளமா எடுத்துக்க. உன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னே தெரியாம இருந்தேன்."

ராகினி சிரித்தாள்.

"ஐயோ ஆண்ட்டி, அதனால ஒன்னுமில்ல. நாங்களும் லேப்ல முதல்ல இலையக் கழுவத்தான் செய்வோம். வெளியில ஒட்டினது எல்லாம் போகணும். உள்ள இருக்கிறதுதான் எனக்கு வேணும்."

அம்மாவுக்கு உயிர் வந்தது. வந்த உயிரில் சொன்னார்: "உள்ள இருக்கிறதையும் நான் விடலம்மா! பாசார்ல செடிக்கடை வெச்சிருக்க தவுக்கேகிட்ட கேட்டேன். ஒரு மருந்து குடுத்தாரு. வேர்ல ஊத்தினா உள்ள ஏறி ஒன்னுவிடாமச் சாகும்னாரு. ரெண்டு தடவ ஊத்திட்டேன்."

ராகினி கேசரித் தட்டைக் கையில் வாங்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வேலை செஞ்சிருக்கும் ஆண்ட்டி" என்றாள் கடைசியில். கேசரியை முழுக்கச் சாப்பிட்டாள். இலைகளையும் பறித்துக்கொண்டாள். போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, "ஆண்ட்டிகிட்ட ஒன்னும் சொல்லாத லா. எனக்காகத்தானே செஞ்சாங்க" என்றாள்.

அந்த இலைகளை வெட்டித் தட்டில் வைத்தோம். நாட்கள் போயின. எதுவும் வளரவில்லை. அவ்வளவு சுத்தமான தட்டை எங்கள் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. அம்மாவின் சூப்பர்வைசர் பார்த்திருந்தால் விருதே கொடுத்திருப்பார். ராகினி எல்லா மேசைகளையும் துடைத்து முடித்து அலமாரிக்குப் போயிருந்தாள். அதற்குமேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: பூஞ்சை, வட்டம், மாஸ்டர்ஸ் இடம், மாதக் கடைசி.

அம்மா போய்க் கொல்லைக் கதவைத் திறந்து மரத்தைப் பார்த்தார். பிறகு, "கேசரி முழுக்கச் சாப்பிட்டுட்டுப் போனாளே" என்றார். அவ்வளவுதான். மறுநாள் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

"டேய், மரத்தோட வேர்லருந்து முளைச்ச கன்னுங்கள அப்பப்ப தோண்டி அக்கம்பக்கம் குடுத்திருக்கேனே. அதுல இருக்குமா அந்தப் பூஞ்சை?"

ராகினியிடம் கேட்டேன். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "இருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா வேர்க்கன்னுன்னா அந்த மரத்தோட உடம்புதானே. போகலாம்."

கேட்கப் போவது அம்மாவுக்கு எவ்வளவு சிரமம் என்பது எங்கள் தெருவைத் தெரிந்தால்தான் புரியும். கறிவேப்பிலை என்றால் ஜெகதீஸ்வரி வீடு. இவ்வளவு நாளும் யாரும் எங்கள் கதவைத் தட்டாமல் போனதில்லை. மருந்து ஊற்றிய பிறகு, மரம் ஓய்வெடுக்கிறது என்று அம்மா எல்லோரையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அதிலும் முதலில் போக வேண்டிய இடம் ருக்கையா அக்காவின் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் கடை. அக்காவிடம் ஒன்றைச் சொன்னால் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வர்த் வரைக்கும் கேட்கும்.

சாயங்காலம் அம்மா, ராகினி, நான், மூவரும் போனோம். கடை வாசலில் ஓர் எண்ணெய்த் தகரத்தில் எங்கள் மரத்துக் கன்று தோள் உயரம் வளர்ந்து நின்றது.

"ருக்கையாக்கா, நான் குடுத்த கன்னுல கொஞ்சம் இலை வேணும்."

"ஏன், உன் மரம் இன்னும் ஓய்வுலருந்து எந்திரிக்கலையா?"

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "ஓய்வெல்லாம் இல்லக்கா. பூஞ்சை இருந்துச்சு. மருந்து ஊத்திட்டேன்."

"பூஞ்சையா! உன் மரத்துலயா ஜெகா!" சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆமா. உங்க கன்னுலயும் இருக்கும். இருக்கணும்னு நீங்களும் வேண்டிக்குங்க."

"என்னடி சொல்றே?"

"இலைக்குள்ளேயே இருந்து மருந்து செய்ற பூஞ்சைக்கா. எங்க ராகினிதான் கண்டுபிடிச்சா. நான்தான் தெரியாம எல்லாத்தையும் கொன்னுட்டேன்."

எங்க ராகினி. நான் ராகினியைப் பார்த்தேன். அவள் எண்ணெய்த் தகரத்தைப் பார்த்தாள்.

ருக்கையா அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "எடு எடு, எவ்வளவு வேணுமோ எடு. ஆனா கடை வாசல்ல நின்னு பூஞ்சை பூஞ்சைன்னு கத்தாத லா."

அன்றே இன்னும் சில வீடுகளுக்கும் போனோம். ஒவ்வொரு வாசலிலும் அம்மா அதே வாக்கியங்களைச் சொன்னார். குரல் மட்டும் வீட்டுக்கு வீடு கொஞ்சம் நிமிர்ந்துகொண்டே போனது.

மற்ற வீட்டு இலைகளிலிருந்து வேறு ஏதேதோ வளர்ந்தன. எண்ணெய்த் தகரத்து இலைத் துண்டின் வெட்டிய ஓரத்திலிருந்து மட்டும், வெள்ளை வெளேரென்று, எங்களுக்குத் தெரிந்த அந்தப் பஞ்சு எட்டிப் பார்த்தது. ராகினி அதைத் தனியே எடுத்து வளர்த்து, சாறு எடுத்து, கிருமித் தட்டில் வைத்தாள். கூட்டத்துக்கு முந்தின நாள் டாக்டர் ஹமீதா தட்டை வெளிச்சத்தில் பிடித்து, அளவுகோலை வைத்துப் பார்த்து, "போலே" என்றார். முடியும் என்பதற்கு மலாய். டாக்டர் ஹமீதாவின் வாயில் அது பெரிய பாராட்டு. ராகினியின் இடம் ராகினிக்கே.

அம்மா விடுமுறை நாளில் அதைப் பார்க்க வந்தார். வெள்ளை அங்கி, தலைவலை, முகமூடி, கையுறை எல்லாவற்றையும் எங்களுக்கு முன்னால் போட்டு முடித்துவிட்டு நின்றார். ராகினி தட்டைக் காட்டினாள்.

"இதுதான் வட்டமா?" அம்மா குனிந்தார். "சுத்தமா வெச்சிருக்கே! ஒரு பொட்டு அழுக்கு இல்ல பாரு."

"ஆமா ஆண்ட்டி."

"அந்தப் பூஞ்சைக்குச் சாப்பிட என்னம்மா குடுக்கற?"

"உருளைக்கிழங்குச் சாறு. கொஞ்சம் சர்க்கரை."

"தினமுமா? அது மட்டுந்தானா?" முகமூடிக்கு மேலே அம்மாவின் கண்களில் ஒரு தாயின் கண்டனம் தெரிந்தது. "அப்புறம் எப்படிம்மா வேலை செய்யும்?"

"டாக்டரும் அதான் சொல்றாங்க. இனிமே அதோட கறிவேப்பிலைச் சாறும் கலந்து பார்க்கப் போறேன் ஆண்ட்டி."

அம்மா திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு, ஒரு சந்தேகத்தோடு, "தாளிச்சா, தாளிக்காமலா?" என்று கேட்டார்.

ராகினி சிரிப்பை அடக்க முடியாமல் தட்டை அவசரமாக என்னிடம் கொடுத்துவிட்டு, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.