கூடு இல்லாத ரம்புத்தான் மரம்

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. "அசையாதீங்க, மூச்சை அடக்குங்க" என்று நாள் முழுக்க அடுத்தவரை அதட்டுகிறவள் நான். என் கையை அசையாதே என்று அதட்ட ஆளில்லாததால்தான் இவ்வளவும் நடந்தது.

எங்கள் ஊர்ப் பறவைக் குழுவில் பன்னிரண்டு பேர். ஞாயிறு விடிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கோ ரப்பர் தோட்டத்துக்கோ போவோம். எதையும் எழுதி வைத்துக்கொள்ளாத குழுவுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கூட்டைப் பார்த்தவர் இடத்தை வெளியே சொல்லக் கூடாது. அதிலும் பாராவ்-பாராவ் கூடு என்றால் மூச்சு விடக் கூடாது. வைக்கோல் நிறத் தலையும் கருப்பு மீசையும் வைத்த சின்னான் இனம் அது. அதன் பாட்டுக்காகவே பிடித்துக் கூண்டில் அடைத்து, எங்கள் பக்கத்து ஆறுகளையெல்லாம் ஊமையாக்கிவிட்டார்கள். நான் கேமரா வாங்கி ஐந்து வருடமாகிறது. அதன் குரலைக் கூட நேரில் கேட்டதில்லை.

குழுவில் டயர் கடை வைத்திருக்கும் பூன் கியாட் கேட்டிருக்கிறார். கேட்டவர் மூன்று வாரம் ஆற்றோரமாக நடந்து கூட்டையும் கண்டுபிடித்துவிட்டார். பன்னிரண்டு பேரில் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"லின், யார்கிட்டயும் மூச்சு விடாத. உன் வீட்டுக்காரர்கிட்ட கூட."

"அவருக்குக் காக்காயும் மைனாவும் ஒன்னுதான். சொன்னாலும் புரியாது."

அக்கரையில் நீர் மேல் சாய்ந்த மரத்தில், கைக்கெட்டும் உயரத்தில் கூடு. நாங்கள் இக்கரைப் புதரில் உட்கார்ந்து நீண்ட லென்ஸில் பார்த்தோம். தாய் ஏதோ பழத்தைக் கவ்விக்கொண்டு வந்து உட்கார்ந்தது, இரண்டு சிவந்த வாய்கள் திறந்தன. அடுத்து அது பாடியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். நான்கே படம், அதற்கு மேல் தொந்தரவு செய்யக் கூடாதென்று கியாட் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓரத்தில் பாக் வான் என்ற பெரியவரின் கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சாப்பிட்டோம். கேமராவில் எடுத்த படத்தை வீட்டுக் கணினியில் ஏற்றும்வரை எங்கள் ஆட்களில் யாருக்கும் பொறுமை கிடையாது. கேமராவின் பின்திரையில் படத்தை வைத்து, அதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வோம். கியாட் கை கழுவப் போன நேரத்தில் நானும் எடுத்தேன். தட்டின் ஓரமும் குழம்புக் கிண்ணமும் கூடவே விழுந்தன.

இரவு ஒன்பதரைக்கு என் கை அரித்தது. பறவைக் கணக்குக்கென்று ஒரு செயலி போனில் இருக்கிறது. இன்ன பறவை பார்த்தேன் என்று படத்தோடு பதிவு செய்யலாம். ஐந்து வருடத்தில் நான் போட்ட பதிவெல்லாம் மைனா, மைனா, கொக்கு, மைனா. பாராவ்-பாராவ் என்று ஒரே ஒரு தடவை என் பெயருக்குப் பக்கத்தில் பார்க்க ஆசைப்பட்டேன். தட்டையும் கிண்ணத்தையும் வெட்டிவிட்டுப் படத்தைப் போட்டேன். இடம் என்று எதுவும் எழுதவில்லை. சட்டத்தை மீறவில்லை என்ற நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் போனைத் திறந்தால், பதிவின் கீழே ஒருவன் எழுதியிருந்தான்: "அருமையான படம். இடமும் கிடைத்தது. நன்றி." அவன் முகப்புப் படத்தில் ஒரு மூங்கில் கூண்டு.

இடமா? நான் எங்கே சொன்னேன்? அப்புறம்தான் உறைத்தது. படத்துக்குள்ளேயே போன் இடத்தைப் பதித்து வைத்திருக்கும், நான் சொல்லாவிட்டாலும் செயலி அதை எடுத்து வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் போட்டுவிடும். வரைபடத்தைத் திறந்து பார்க்கக் கூடத் தோன்றாமல், பதிவை அழித்தேன். அதற்குள் முந்நூறு பேர் பார்த்திருந்தார்கள்.

வயிற்று வலி என்று விடுப்புச் சொன்னேன். நேரே டயர் கடைக்குப் போனேன். கியாட் ஒரு லாரிச் சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எத்தனை மணிக்குப் போட்ட?"

"நேத்து ராத்திரி ஒன்பதரைக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே கால்.

"என்னைத் திட்டுங்க கியாட். நாலு வார்த்தை நல்லா திட்டிடுங்க."

"திட்டினா குஞ்சு திரும்பி வருமா? வண்டில ஏறு."

திட்டு வாங்கியிருந்தால் தாங்கியிருப்பேன். பன்னிரண்டு பேரில் என்னை மட்டும் நம்பிய மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டிருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. பிடிக்கிறவர்கள் வலை போட்டுத் தாயை எடுப்பார்கள், குஞ்சுகளைக் கையால் அள்ளிக்கொண்டு போவார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பறவைப் பெயருக்காக ஒரு குடும்பத்தையே பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

ஆற்றுக்குத் திரும்பும் மண் பாதையில் சக்கரத் தடம் தெரிந்தது. எனக்கு உயிரே போனது. கியாட் இறங்கி, குனிந்து விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"நம்ம தடம்தான். இந்த டயர நானே மாட்டினேன், எனக்குத் தெரியாதா? நேத்தையது."

"வேற தடம்?"

"ஒன்னும் இல்ல."

இருபது வருடம் டயரோடு குடும்பம் நடத்திய ஆள். நம்பினேன், பாதி.

புதருக்குள் உட்கார்ந்து லென்ஸைத் திருப்பினேன். கூடு இருந்தது. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஆறு ஓடும் சத்தம் மட்டும். என் பாவத்தை எண்ணிக்கொண்டே பத்து நிமிஷம் இருந்திருப்பேன். கிளை ஆடியது. தாய் வந்து உட்கார்ந்தது. கூட்டிலிருந்து ஒரு வாய் எழும்பியது.

"ஒன்னு," என்றார் கியாட். "இன்னொன்னு எங்க?"

"இருங்க... இருங்க... அதோ! ரெண்டு! கியாட், ரெண்டும் இருக்கு!"

என்னை அறியாமல் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேர்வை என்றார். நான் வேர்வை என்று சொல்லவில்லை, வெளிப்படையாகவே அழுதேன்.

"சரி, இன்னிக்கு வரல. நாளைக்கு வருவானுங்க," என்று கியாட் எழுந்தார். "வனவிலங்குத் துறைக்குப் போன் பண்ணணும். இங்க சிக்னல் இல்ல. பாக் வான் கடைக்குப் போவோம் வா."

கடையில் பாக் வான் மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மாவை விட்டுவிட்டு வந்தார். கடை முதலாளி என்பதால் கியாட் அவருக்கு எப்போதும் தவுக்கே.

"தவுக்கே, உங்க கூட்டத்துல புதுசா ஆள் சேத்துட்டீங்களா? காலைல மூனு பேரு வந்தானுங்க. கிறுக்கனுங்க!"

"யாரு?"

"யாரு கண்டா? போனைக் கையில புடிச்சிக்கிட்டு மேசையச் சுத்திச் சுத்தி வந்தானுங்க. நேத்து நீங்க உக்காந்தீங்களே, அதே மேசை. அப்புறம் பின்னாடி போயி ரம்புத்தான் மரத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டு, போன்ல ஏதோ குருவி சத்தம் போட்டானுங்க. என் சேவல்தான் பதில் சொல்லிச்சு. ஒருத்தன் மரத்துமேலயே ஏறிட்டான்லா. முசுறு எறும்பு சும்மா விடுமா? எறங்கி வந்து என் கடை முன்னாடி கைலியை உதறிக்கிட்டு ஒரே ஆட்டம்!"

கியாட் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. பறவையை எடுத்தது கேமரா. என் பழைய கேமராவுக்கு இடம் வலம் எதுவும் தெரியாது. போன் எடுத்தது கேமராவின் திரையை, இந்த மேசையில், ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில். அந்தப் புள்ளி விழுந்தது ஆற்றில் அல்ல, பாக் வான் கடையில்.

"ஏழு கிலோமீட்டர்," என்றார் கியாட். அதற்கு மேல் சொல்ல முடியாமல் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் நேற்று உட்கார்ந்த அதே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். மதியத்திலிருந்து நெஞ்சில் கிடந்த கல் யாரோ புரட்டிவிட்ட மாதிரி இறங்கியது.

"அவனுங்க வண்டி நம்பர் இருக்கு," என்றார் பாக் வான், சுவரில் கரியால் எழுதியிருந்த எண்ணைக் காட்டி. "பின்னாடி வலையும் கூண்டும் கிடந்துச்சு. எனக்குப் பிடிக்கல, எழுதி வச்சேன்."

கியாட் அந்த எண்ணைத் துறைக்குச் சொன்னார். ஆற்றையும் சொன்னார். குஞ்சுகள் பறக்கும்வரை காவலர் இருவர் அங்கே ரோந்து வருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டபோது நான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இனிமே என்னைக் கூப்பிட மாட்டீங்க. அது நியாயந்தான்."

அவர் வண்டியைக் கிளப்பியபடியே சொன்னார்.

"ஞாயித்துக்கிழம குஞ்சு வெளிய வரும்னு நினைக்கிறேன். ஆறு மணிக்கு ரெடியா இரு. போனை வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கே வாசலில் நின்றேன், வெறுங்கையோடு. கேமராவைக் கூட எடுத்துக்கொள்ளவில்லை.