பன்னிரண்டு கண்டுபிடிப்பாளர்களும் ஒரு காகிதப் பெட்டியும்

எங்கள் கல்லூரியின் பெயர் வேண்டாம். மன்னார்புரத்தில் பஸ்ஸுக்கு நின்றால், வருகிற மூன்று பஸ்ஸில் ஒன்றின் முதுகில் அதன் விளம்பரம் இருக்கும். 'நாளைய விஞ்ஞானிகளின் இன்றைய முகவரி' என்று போட்டிருப்பார்கள். அந்த முகவரியில் நான் நான்கு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். பெயர் வேணி, பாடம் இயற்பியல். ஒவ்வொரு ஜூன் மாதமும் என்னைப் புதிதாகக் கண்டெடுப்பதுபோல ஒரு நியமனக் கடிதம் தருவார்கள். நானும் முதல் தடவை வாங்குவதுபோல வாங்கிக்கொள்வேன்.

ஒளியியல் பாடத்தில் பழைய காலத்துக் கேமராவைப் பற்றி ஒரு செய்முறை உண்டு. ஒரு பிளைவுட் பெட்டி. முன்னால் ஒரு லென்ஸ், பின்னால் போட்டோ பேப்பர், ஒளிபட்ட இடம் மருந்தில் கழுவும்போது கறுக்கும். இதில் படம் எடுப்பது பெரிய வேலை இல்லை. பேப்பரை உள்ளே வைப்பதுதான் பெரிய வேலை. இருட்டில்தான் வைக்க வேண்டும், இருட்டில்தான் எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு தாள்தான். எங்கள் இருட்டறை மூன்றாவது மாடியில், உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்த ஸ்டோர் ரூம். நாற்பது மாணவர்கள் ஒரு படத்துக்கு ஒரு முறை மூன்று மாடி ஏறி இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் ஒன்பது படம் வரும். மிச்ச நேரத்தில் மூச்சு வாங்கும். அந்தக் காலத்துப் படக்காரர்கள் இருட்டுக்காகக் கூடாரத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு திரிந்தார்களாம். எங்களுக்குக் கூடாரம் ஒன்றுதான் பாக்கி.

இரண்டு வருடம் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு நானே ஒன்று செய்தேன். பெட்டியின் பின்பக்கம் பன்னிரண்டு தாளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த ஒரு தட்டு. ஒரு கம்பியை இழுத்தால் படம் எடுத்த தாள் கீழே விழும், அடுத்த தாள் முன்னால் வந்து நிற்கும். இது என் மூளை இல்லை, நூறு வருடத்துக்கு முன்பே யாரோ செய்ததுதான். என் மூளை பக்கவாட்டில் இருக்கிறது. பழைய குடைத் துணியில் இரண்டு கை தைத்துப் பெட்டியோடு சேர்த்தேன். பேப்பர் உறையைப் பெட்டிக்குள் வைத்துக் கொக்கியைப் போட்டுவிட்டு, முழங்கை வரை கையை விட்டு, உள்ளேயே உறையைப் பிரித்து, தடவித் தடவித் தாளை அடுக்கலாம். வெளிச்சம் துணிக்குள் நுழையாமல் இருக்க நான் எட்டு விதமான மடிப்பு போட்டுப் பார்த்தேன். எட்டாவதுதான் சரியாக வந்தது. நட்ட நடு வெயிலில், நடு ரோட்டில் நின்றுகொண்டு பேப்பர் மாற்றலாம். மூடிமேல் சிவப்புப் பெயின்டில் 'வெளிச்சத்தில் திறக்காதீர்கள்' என்று நானே எழுதினேன்.

அதைச் சோதித்துப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். கீழச் சித்திரை வீதியில், வெள்ளை கோபுரத்தைப் பார்த்துப் பெட்டியை ஸ்டூலில் வைத்து, இரண்டு கையையும் உள்ளே விட்டுக்கொண்டு நின்றேன். மாநகராட்சியிலிருந்து கொசுப் பிடிக்க வந்திருக்கிறீர்களா என்று பூக்காரம்மா கேட்டார். ஒருவர் தன் ஆதார் கார்டைத் திருத்த முடியுமா என்றார். அந்த நேரம் பார்த்துப் பால் பாக்கெட்டோடு வந்தவர் எங்கள் துறைத்தலைவர் ஜெயக்குமார் சார். அவருக்கு வீடு அந்தப் பக்கம்தான். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தெரியாத மாதிரி கடந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை பன்னிரண்டு படத்தையும் கழுவித் துறையில் காயப்போட்டிருந்தேன். சார் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, வெள்ளை கோபுரம் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டார். இது நெகடிவ் சார், இன்னொரு பேப்பரில் மாற்றி எடுத்தால் வெள்ளையாகிவிடும் என்றேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டார். இருபத்தாறு வருட அனுபவம் உள்ள இயற்பியல் பேராசிரியர். இதைக் குறையாகச் சொல்லவில்லை, வியப்பாகச் சொல்கிறேன்.

அந்த வருடம் பூஜை விடுமுறை முடிந்ததும் தர மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. ஒவ்வொரு துறையும் ஒரு புத்தாக்கம் காட்டியாக வேண்டும். போன தடவை எங்கள் துறை மழைநீர் சேகரிப்பைப் பற்றி ஒரு போஸ்டர் காட்டியது. இந்தத் தடவை என் பெட்டி மாட்டிக்கொண்டது. காப்புரிமைக்கே விண்ணப்பித்துவிடலாம் என்று முடிவானது. குழு வந்து பாராட்டியதும் அதே மேடையில் விண்ணப்பத்தை வெளியிட்டு அனுப்புவது என்று ஏற்பாடு.

விண்ணப்பத்தின் முதல் பக்கம் என் மேஜைக்கு வந்தது. கண்டுபிடிப்பாளர்கள் என்ற தலைப்பின் கீழ்ப் பன்னிரண்டு பெயர்கள். தாளாளர் முதலில். பிறகு முதல்வர், துணை முதல்வர், ஜெயக்குமார் சார், துறையின் மற்ற ஏழு பேர். பன்னிரண்டாவது பிரவீன்ராஜ், அதாவது தாளாளரின் மருமகன். அவர் கல்லூரிக்கு வந்து நான் பார்த்தது பஸ் வாங்கிய அன்று ஒரு முறை. பன்னிரண்டு பெயரையும் இரண்டு தடவை படித்தேன். கீழே ஒரு கோடு போட்டு, சின்ன எழுத்தில், 'தட்டச்சு மற்றும் தச்சு உதவி: வேணி' என்று இருந்தது.

எனக்கு நிரந்தர வேலை கேட்கிற தைரியம் எப்போதும் வந்ததில்லை. ஆனால் அந்த எட்டாவது மடிப்பு என்னுடையது. அதற்கு என் பெயர் வேண்டும் என்று எனக்கு அடக்க முடியாத ஆசை இருந்தது. சாரிடம் போய்க் கேட்டேன்.

"டீம் ஒர்க் மேடம். பேரா முக்கியம்? காலேஜ் பேரு வந்தா நம்ம எல்லார் பேரும் வந்த மாதிரிதானே" என்றார்.

அப்படியானால் மற்ற பன்னிரண்டு பேருக்கும் காலேஜ் பெயர் போதாதா என்று கேட்கத் தோன்றியது. ஜூன் மாதம் ஞாபகத்துக்கு வந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

குழுவுக்கு முன்னால் வெயிலில் வைத்தே பேப்பர் மாற்றிக் காட்டுகிறேன், அதுதானே புதுசு என்று சொன்னேன். பெரியவர்களை உட்காரவைத்துவிட்டுத் துணிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது, முன்னாடியே போட்டுத் தயாராக வைத்துவிடுங்கள் என்று சார் உத்தரவு போட்டார். கண்டுபிடிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டுவதாக முடிவாயிற்று. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பன்னிரண்டு தாளையும் அடுக்கி, கொக்கியைப் போட்டு, பெட்டியைத் துறையில் வைத்துவிட்டு வையம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் டிராக்டருக்குப் பொட்டு வைக்க ஆள் வேண்டும் என்று அப்பா கூப்பிட்டிருந்தார்.

குழு வந்த அன்று காலையில் பெட்டி மேல் சந்தனமும் குங்குமமும் பார்த்தேன். லென்ஸின் நடுவிலும் ஒரு பொட்டு. ஆயுத பூஜை என்றால் அது வழக்கம்தான். எங்கள் துறையில் தராசு, டெலஸ்கோப், கம்ப்யூட்டர், காபி மெஷின் எதுவும் தப்பாது. லென்ஸை மட்டும் ஈரத் துணியால் துடைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனேன்.

போர்ட்டிகோவுக்கு முன்னால் வெயிலில் நாற்காலி போட்டிருந்தார்கள். குழுவில் மூன்று பேர். அவர்களில் ஷஹனாஸ் என்ற பேராசிரியை மதுரைப் பக்கத்துக்காரர், காலம் முழுக்க ஆய்வுக்கூடத்திலேயே இருந்தவர் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. விரல் நுனியெல்லாம் கறை. கண்டுபிடிப்பாளர்கள் பன்னிரண்டு பேரும் பட்டுச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். எட்டு எட்டு விநாடி அசையாமல் நிற்கச் சொல்லிப் பன்னிரண்டு படம் எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் யார் நடுவில் நிற்பது என்று வரிசை மாறியது. கம்பியை இழுத்ததும் தாள் டக் என்று விழுந்தது. தாளாளர் ஒவ்வொரு டக்குக்கும் குழுத்தலைவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

கழுவும்போது நானும் கூட வருகிறேன் என்று ஷஹனாஸ் மேடம் மூன்று மாடி ஏறி வந்தார். பின்னாலேயே ஜெயக்குமார் சாரும். இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டு முதல் தாளை மருந்தில் விட்டேன். அரை நிமிடத்தில் தாள் முழுக்கக் கறுத்தது. நடுவில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் நின்றது. இரண்டாவது தாளும் அப்படியே. மூன்றாவதும்.

"அது சூரியன், மேடம்" என்றார் ஜெயக்குமார் சார்.

ஷஹனாஸ் மேடம் இன்னும் கழுவாத தாள் ஒன்றை எடுத்து விரலால் தடவினார். சிவப்பு விளக்கில் குங்குமம் கண்ணுக்குத் தெரியாது. அவர் தாளை மூக்கருகே கொண்டுபோனார்.

"சூரியன்ல சந்தன வாசம் வருது சார்" என்றார்.

நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். நன்றாகவே அழுதேன். ஆய்வுக்கூட உதவியாளர் பாக்கியமேரி அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பூஜை அன்று நடந்ததைச் சொன்னார். சந்தனத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதே அவர்தானாம். வெளியே மட்டும் பொட்டு வைத்தால் போதாது, உள்ளேயும் வைக்க வேண்டும் என்று சார் கொக்கியை எடுத்திருக்கிறார்.

"மேடம் தெறக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க, மேல எழுதியும் இருக்கு சார்னேன். எழுத்து சரியா தெரியலன்னு லைட்டப் போட்டுப் படிச்சாங்க. படிச்சிட்டு, அது பசங்களுக்குங்க, நமக்கில்லன்னாங்க."

உள்ளே பன்னிரண்டு தாள் இருப்பதைப் பார்த்து எல்லாருக்கும் ஒரே சந்தோஷமாம். கண்டுபிடிப்பாளர்களும் பன்னிரண்டு பேர், இதுவே நல்ல சகுனம் என்று தாளாளர் சொல்லியிருக்கிறார். ஆளுக்கு ஒரு தாளாக வெளியே எடுத்து, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, திரும்ப அடுக்கிக் கொக்கியைப் போட்டுக் கற்பூரம் காட்டினார்களாம். பொட்டு விழுந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் படவில்லை. அங்கே மட்டும் பேப்பர் வெள்ளையாக மிஞ்சியது. என் பெட்டி பொய் சொல்லவில்லை. நடந்ததைத்தான் படம் எடுத்திருந்தது.

படியிறங்கும்போது ஷஹனாஸ் மேடம் என் பக்கத்தில் நின்றார். கையோடு எடுத்துவந்த பெட்டியின் குடைத் துணிக் கையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார்.

"மடிப்பு நல்லா இருக்கும்மா. ஆனா நாங்க கண்ணால பார்த்ததத்தான் எழுத முடியும்" என்றார். 'செயல்விளக்கம் வெற்றி பெறவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

கார் கேட்டைத் தாண்டியதும் இது யாருடைய வேலை என்று தாளாளர் கேட்டார். வரிசையாக நின்றவர்கள் வரிசை கலைந்தார்கள். துணை முதல்வருக்குப் போன் வந்தது. பிரவீன்ராஜுக்குப் பஸ் விஷயமாக யாரையோ பார்க்க வேண்டியிருந்தது. நான் பூஜையைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். ஜெயக்குமார் சார் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"சாமி காரியத்தக் குறை சொன்னீங்கன்னா அது வேற மாதிரி ஆயிடும் மேடம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். சாமியை நான் குறை சொல்லவே இல்லை. டியூப் லைட்டைப் போட்டது சாமி இல்லை.

நான்காம் நாள் சார் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு குறிப்பாணையை நீட்டினார். வேலை போயிற்று என்றுதான் வாங்கினேன். முதல் பத்தியை இரண்டு தடவை படித்தேன். மேற்படி காகிதப் படப்பெட்டி, அதன் தட்டு, துணிக் கைகள் மற்றும் வெளிச்சத்தில் காகிதம் இடும் முறை ஆகிய அனைத்தும், துறையின் வேறு எவருடைய ஆலோசனையும் பங்களிப்பும் மேற்பார்வையும் அறவே இன்றி, திருமதி வேணி அவர்களால் தன்னிச்சையாகவும் தனியொருவராகவும் வடிவமைக்கப்பட்டவை என்று அதில் இருந்தது. குழுவின் முன் ஏற்பட்ட அவமானத்துக்கு அவரே முழுப் பொறுப்பு என்றும், ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும் என்றும் இருந்தது. இதில் தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று உறுதிகூறி கீழே வரிசையாகக் கையெழுத்துகள். தாளாளர் முதலில், உருண்டை முத்திரையோடு.

எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான் இருந்தது.

"சார், பிரவீன்ராஜ் சார் கையெழுத்து இல்லையே" என்றேன்.

"அவரு எதுக்கு? அவருதான் இதுல கிடையவே கிடையாதே."

"அதையே எழுதிக் கையெழுத்து போட்டுட்டா அவருக்கும் நல்லதுதானே சார். நாளைக்கு யாராவது கேட்டா?"

நான் இவ்வளவு பொறுப்பானவள் என்று அவருக்கு இத்தனை நாள் தெரியாது போலிருக்கிறது. மருமகனைத் தேடி ஆள் அனுப்பி மத்தியானத்துக்குள் பன்னிரண்டாவது கையெழுத்தையும் வாங்கிவிட்டார். அங்கேயே ஒரு வெள்ளைத் தாளில், குறிப்பாணையில் கண்டவை யாவும் உண்மை என்று எழுதிக்கொடுத்தேன். சாருக்கு மனம் இளகிவிட்டது. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கவில்லை என்றார். அடுத்த ஜூனில் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்பதையும் அதே இளகிய குரலில் சொன்னார்.

அன்று மாலை மன்னார்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் குறிப்பாணையை ஸ்கேன் செய்து, காப்புரிமை விண்ணப்பத்தை என் பெயரில் இணையத்தில் ஏற்றினேன். கண்டுபிடிப்பாளர்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்று என்று போட்டேன். அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்த இடத்தில், பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டு முத்திரை வைத்த கடிதம் இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதினேன்.