பாதியில் விட்ட வேலை

"கேஸ் ட்ரபிள்தான் சிஸ்டர். மாத்திரை போட்டுட்டு வீட்ல படுக்கச் சொல்லுங்க," என்றார் கிராம சுகாதார நிலையத்தின் வீடியோ திரையில் புது டாக்டர். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. நாடியும் ரத்த அழுத்தமும் ஒழுங்காகத்தான் இருந்தன. ஈசிஜி மிஷின் பழுதுபார்க்கப் போய்ப் பத்து நாளாகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரப் பாதை. கட்டிலில் நெஞ்சுக்குழியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நர்ஸின் கணவர், பெயிண்டர். வேறு யாராவதாக இருந்தால் இந்நேரம் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பாள். இப்போது மாத்திரை அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

பழைய டாக்டர் இருந்திருந்தால் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆறு வருஷம் இதே திரையில் வந்தவர். தோளுக்குக் கீழே அவரை அவள் பார்த்ததே இல்லை. போன மாசம் இறந்துபோனார் என்று சேதி வந்தபோது, மனுஷர் நெட்டையா குட்டையா என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்து அழுதாள். எங்கே வலி என்று விசாரிப்பதற்கு முன், கூட வந்தவரிடம் அவர் ஒன்று கேட்பார்: "எந்த வேலையப் பாதில விட்டுட்டு வந்தாரு?" இவர் வைத்தியம் பார்க்க வந்தாரா, ஊர்க்கதை கேட்க வந்தாரா என்று ஆரம்பத்தில் அவள் முணுமுணுத்ததுண்டு. "வலியக் கூட்டியும் சொல்லுவாங்க, குறைச்சும் சொல்லுவாங்க சிஸ்டர். வேலைய மட்டும் யாரும் சும்மா விட்டுட்டு வரமாட்டாங்க," என்பார்.

இன்று கூட வந்தவர் யாரும் இல்லை. அவளே கேட்டாள்.

"இன்னைக்கு ஆரம்பிச்ச சுவர முடிச்சிட்டீங்களா?"

"பாதிதான் ஆச்சு."

"பிரஷ்ஷு?"

"டப்பாவுலயே கிடக்கு. கழுவல."

காய்ச்சல் நூற்று மூன்று அடித்த அன்றுகூட பிரஷ்ஷைக் கழுவித் துணியில் சுற்றி வைத்த பிறகுதான் படுத்தவர். அவள் திரைப் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், நான் ஆம்புலன்ஸக் கூப்பிடுறேன்."

"கேஸுக்கா சிஸ்டர்? இருக்கிறதே ஒரு வண்டி."

அது அவளுக்குத் தெரியாதா? இந்த நேரத்தில் இன்னொருவருக்கு வண்டி தேவைப்பட்டால்? புருஷன் என்றதும் வண்டியைக் கூப்பிட்டுவிட்டாள் என்று நாளைக்குப் பேச்சும் வரும். பிரஷ் கழுவவில்லை என்று காரணம் சொன்னால் யார் நம்புவார்கள்?

"என் பொறுப்புன்னு எழுதிக்கோங்க," என்று போனை எடுத்தாள்.

ஆஸ்பத்திரி என்றாலே சண்டைக்கு நிற்கிற மனுஷர் அவர். வண்டி வருகிறது என்று அவரிடம் சொன்னாள். அவள் குனிந்து செருப்பை மாட்டிவிடப் போனபோது, ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கொடுத்தார்.