ஹாலந்து ரயிலுக்கு மந்தைவெளியில் ஒத்திகை

மடக்கு சைக்கிளிலும் ரயிலிலுமாக ஹாலந்தைச் சுற்றிவரும் சிறு குழுவில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் விக்டரும் பெயர் கொடுத்திருந்தார். ரயில் நிற்கும் நேரத்துக்குள் சைக்கிளை மடக்கிக்கொண்டு ஏறாதவருக்குக் குழுவில் இடமில்லை என்பது வழிகாட்டி ஜெனிதாவின் சட்டம். அதற்கான ஒத்திகை மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தில் நடந்தது.

ரயில் வந்ததும் மற்றவர்கள் சைக்கிளை மடக்கினார்கள். கடமை தவறாத விக்டரோ வெறுங்கையோடு பெட்டிக்குள் பாய்ந்து, ஈ காக்கை இல்லாத இருக்கைகளில் கைக்குட்டை, தொப்பி, கண்ணாடிக்கூடு எல்லாவற்றையும் பரப்பி, குழுவுக்கே இடம் பிடித்தார். மற்றவர்களும் மடக்கிய சைக்கிளோடு ஏற, ரயில் கிளம்பிவிட்டது. அவருடைய சைக்கிள் பிளாட்பாரத்திலேயே நின்றது.

“சார் இன்னா ஆன்ட்டி பண்றாரு?” என்றாள் ஜெனிதா, வேடிக்கை பார்க்க வந்திருந்த அவர் மனைவி டோரதியிடம்.

“சீட் புடிக்கிறாரும்மா. கல்யாணத்தன்னிக்கே என்னை சர்ச் வாசல்ல நிக்க வச்சிட்டு, சொந்தக்காரங்களுக்கு பெஞ்சு புடிக்கப் போனவரு.”

வீட்டுக் கூடத்தைப் பெருக்குவதற்காக அந்தச் சைக்கிளைத் தினமும் மடக்கி ஓரங்கட்டியவள் டோரதிதான். அடுத்த ரயில் வந்ததும் அதை மடக்கித் தூக்கிக்கொண்டு ஏறினாள். பின்னாலேயே ஏறிய ஜெனிதா, “ஆன்ட்டி, உங்ககிட்ட பாஸ்போர்ட் கீதா?” என்றாள்.

“பத்திரமா இருக்கும்மா.”

அதற்குள் விக்டர் போன் செய்தார். “எல்லாருக்கும் சீட் புடிச்சேன் டோரதி, என் சைக்கிள் எங்க?”

“எங்கிட்டதான் இருக்கு. ஹாலந்து போயிட்டு வந்து தரேன்.”