இரண்டாவது கன்ட்ரோலர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பல் கட்டும் பட்டறையில் யாருக்கும் பல் கட்டுவதில்லை. அன்றைக்கு அது பழைய வீடியோ கேம் பைத்தியங்களின் சங்கம். அலமாரி முழுக்க ஊரார் வாய்களின் பிளாஸ்டர் அச்சுகள், மேல் தாடையும் கீழ்த் தாடையுமாக, ஓசி டிக்கெட்டில் வந்த கூட்டம் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு எதிரே ஒரு பழைய பெட்டி டிவி. டிவிக்கு எதிரே ஒரு பல் டாக்டர் நாற்காலி. மாடியில் இருக்கும் டாக்டர் புதிது வாங்கியபோது தள்ளிவிட்டது. காலால் மிதித்தால் இன்னமும் ஏறும், இறங்கும். இறங்கும்போது மட்டும் ஒரு பெருமூச்சு விடும்.

அந்த நாற்காலி சங்கத் தலைவருக்கு உரியது. சங்கத்தில் மொத்தமே மூன்று பேர்தான். ஆனால் மூன்று பேர் ஓரிடத்தில் சேர்ந்த பிறகு ஒருவராவது தலைவராகாமல் இருக்க முடியுமா?

தலைவர் பட்டறையின் சொந்தக்காரர். இடம் அவருடையது என்பதால் பதவி கிடைத்தது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவர் சாதனையால் வந்தவர். சின்ன வயதில் அவர் வீட்டில் ஒரு கேசட் இருந்தது. கையில் விளக்கோடு ஒரு குட்டி மனிதன் சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டே போகும் விளையாட்டு. மேலே ஒட்டியிருந்த தாள் கிழிந்துபோனதால் அசல் பெயர் தெரியாது. வீட்டில் வைத்த பெயர் ‘லாந்தர்’. இணையத்தில் அதைப் பற்றி மொத்தம் நாலு வரி இருக்கிறது. அதில் இரண்டு வரி தப்பு. அந்த விளையாட்டின் ஒன்பதாவது கட்டத்தில் ஒரு ரகசிய அறை இருப்பதையும், விளக்கு அணையும்வரை ஒரு பொத்தானையும் தொடாமல் சும்மா நின்றால் சுவர் திறக்கும் என்பதையும் பன்னிரண்டு வயதில் கண்டுபிடித்தவர் தலைவர்.

அப்படித்தான் எட்டு வருடமாகச் சங்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்றைக்குச் சங்கம் அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. காரணம் இரண்டு. ஒன்று, இரண்டு வருடமாக வதந்தியாகவே வாழ்ந்து வந்த புது கேம் மெஷினைப் பதினோரு மணிக்கு நேரலையில் காட்டப் போகிறார்கள்.

“ஓட்டை இருக்கும் டீச்சர். எழுதி வெச்சுக்குங்க,” என்றார் லிஃப்ட்காரர். ஊரில் பாதி லிஃப்டுகளைப் பழுது பார்ப்பவர். சந்தோஷம் வந்தால் உட்கார மாட்டார். அறைக்குள்ளேயே மேலும் கீழும் நடப்பார். “பழைய கேசட்டைச் சொருகுற ஓட்டை. கசிஞ்ச படத்துல தெளிவாத் தெரியுது.”

“அது காத்து போற வழி. உள்ள ஃபேன் இருக்கும்ல,” என்றார் டீச்சர்.

“காத்து போற வழிக்கு எதுக்கு டீச்சர் கதவு?”

“நீ லிஃப்டுக்காரன். எதைப் பாத்தாலும் உனக்குக் கதவாத்தான் தெரியும்.”

டீச்சர் ஆரம்பப் பள்ளியில் கணக்கு சொல்லித் தருபவர். பரீட்சைத் தாள் திருத்தும் சிவப்புப் பேனாவால் வீடியோ கேம் சரித்திரம் எழுதி வைத்திருக்கும் நோட்டுகள் அவரிடம் பதினேழு இருந்தன.

“மெஷின் விக்கறவங்க என்னிக்குப் பழசுக்கு எடம் விட்டாங்க? அமெரிக்காவுல ஒரு தடவை விக்காத கேசட்டையெல்லாம் பாலைவனத்துல குழி வெட்டிக் கொட்டி மூடினாங்க தெரியுமா? வீட்ல உக்காந்து கேம் ஆடற காலமே முடிஞ்சுபோச்சுன்னு பெரிய பெரிய ஆளுங்க எழுதினாங்க. அப்ப யாரு வந்து தூக்கி நிறுத்தினது? ஒரு காலத்துல சீட்டுக்கட்டு செஞ்சுக்கிட்டிருந்த ஜப்பான் கம்பெனி!”

“அது தெரியும் டீச்சர். நீங்க வாராவாரம் சொல்றீங்க.”

“வாராவாரம் கேக்கறப்பவும் உனக்குப் புல்லரிக்குதா இல்லையா?”

லிஃப்ட்காரர் கையை நீட்டிக் காட்டினார். புல்லரித்துத்தான் இருந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் தலைவர் நாற்காலியை இரண்டு மிதி உயர்த்திக்கொண்டு தீர்ப்பு சொல்வார். இன்றைக்குக் கப்பல் கவிழ்ந்தவர் மாதிரி கன்னத்தில் கை வைத்திருந்தார். இரண்டாவது காரணம் அவரை அப்படி உட்கார வைத்திருந்தது.

முந்தின வாரம் அவருடைய தங்கை போன் பண்ணியிருந்தாள். “அண்ணா, வீடு மாத்தறதுக்குப் பெட்டியெல்லாம் கட்டறேன். நம்ம லாந்தர் கேசட் கெடச்சுது! ஞாயித்துக்கெழமை கொண்டுவர்றேன், உள்ள இருக்கற பேட்டரியை மாத்திக் குடு. நான் சேவ் பண்ண ஆட்டம் அதுல இருக்கு, அது போயிடக் கூடாது.” தலைவர் துள்ளிக் குதித்து அந்த நிமிடமே சங்கத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டார். அனுப்பி முடித்து, டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கும்போதுதான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது புரிந்தது.

அந்த கேசட்டில் விளையாட்டைச் சேமிக்க மூன்று இடங்கள் உண்டு. முதல் இடத்தில் அவர் பெயர். ரகசிய அறையைத் திறந்ததற்கான சின்ன விளக்குப் படம் மின்னுவது இரண்டாவது இடத்தில். அங்கே இருப்பது தங்கையின் பெயர். அதற்குப் பக்கத்தில் எத்தனையாவது முயற்சியில் திறந்தது என்றும் போட்டிருக்கும்: ஒன்று. அவர் தலைகீழாக நின்றும் திறக்காத சுவரை, அம்மை போட்டு வீட்டில் இருந்த ஏழு வயதுப் பெண் திறந்துவிட்டாள். சாயங்காலம் பள்ளிவிட்டு வந்தவரிடம், “சும்மா இருந்தா தெறந்துக்குது அண்ணா,” என்றாள். அடுத்த நாள் அவர் வகுப்பில் போய், தான் கண்டுபிடித்ததாகச் சொன்னார். பிறகு கல்லூரியில் சொன்னார். பிறகு இந்தச் சங்கத்தில். ஒரு பொய்யை நாலு இடத்தில் சொன்னால் சொன்னவனுக்கே பாதி நம்பிக்கை வந்துவிடுகிறது.

பத்தேகாலுக்குத் தங்கை வந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். பேசுவதே எட்டு மாடிக்குக் கீழே நிற்பவனுக்குக் கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

“அண்ணா! என்ன இது, பல்லைப் புடுங்கிக்கப் போறவன் மாதிரி உக்காந்திருக்கே?” பையிலிருந்து துணியில் சுற்றிய கேசட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அடுத்த நொடி லிஃப்ட்காரர் அதைத் தூக்கி, தூசி போக ஊதுவதற்குக் கன்னத்தை உப்பிவிட்டார்.

“ஊதாதே!” என்று டீச்சர் பாய்ந்தார். “எச்சி பட்டா முனையில இருக்கற செம்பு கறுத்துடும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“கை தானா வாய்க்குப் போகுது டீச்சர். முப்பது வருஷப் பழக்கம்.”

“ஒருதடவை போட்டுப் பாத்துட்டு அப்புறம் பேட்டரியை மாத்தலாமே?” என்றாள் தங்கை.

“கூடாதும்மா. பேட்டரி சாகப்போற நேரத்துல போட்டுப் போட்டு எடுத்தா சேவ் பண்ணதெல்லாம் ஒரேயடியா அழிஞ்சுடும். மொதல்ல வைத்தியம். அப்புறம்தான் தரிசனம்,” என்றார் டீச்சர்.

தலைவர் நாற்காலியை விட்டு இறங்கினார். நாற்காலி பெருமூச்சு விட்டது. பல்லுக்குக் கம்பி வளைக்கும் மேசையில், உருப்பெருக்கி விளக்குக்குக் கீழே கேசட்டின் முதுகைத் திறந்தார். நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி. அளந்து பார்த்தார். மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டும் சொச்சமும். அந்தச் சொச்சத்தில்தான் முப்பது வருடம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரியும். வெளியே இன்னொரு பேட்டரியை இரண்டு ஒயரில் முட்டுக் கொடுத்துவிட்டு, பழையதைச் சூடு வைத்துக் கழற்றி, புதியதைப் பற்றவைக்க வேண்டும். நடுவில் முட்டு ஒயர் ஒரு கணம் நழுவினால் சேமித்தது எல்லாம் போய்விடும். பெயர், விளக்குப் படம், ஒன்று என்ற அந்த எண், எல்லாம்.

தலைவருக்கு இதுவும் தெரியும்: ஒயர் நழுவினால் ஒருவரும் அவரைத் தப்பு சொல்லப்போவதில்லை. ‘அடடா, பழைய சாமான், என்ன பண்றது’ என்பார்கள். தங்கைகூட முதுகில் தட்டிக் கொடுப்பாள். நாற்காலி அவருக்கே இருக்கும். அரிசி மணியில் பாதி அளவுக்குத் தங்கம் வைத்துப் பழகிய விரல்கள் அவருடையவை. நழுவவிடுவதையும் நேர்த்தியாகவே செய்துவிடும்.

முட்டு ஒயரைப் பிடித்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

“அண்ணா, இங்க குடு, ஒயரை நான் புடிச்சுக்கறேன்,” என்று தங்கை பக்கத்தில் வந்து குனிந்தாள். இரண்டு விரலில் ஒயரை அழுத்திக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றாள். அப்படியே, சின்ன வயதில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அதே முகம். நாக்கு நுனி வெளியே.

அதைப் பார்த்ததும் தலைவர் கையில் எடுத்திருந்த சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்தார்.

“ஒரு விஷயம் சொல்லணும்,” என்றார். “அந்த ரகசிய அறையைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. இவதான்.”

பிளாஸ்டர் வாய்கள்கூட ஒரு சுற்று அதிகமாகப் பிளந்தது போல இருந்தது.

“எட்டு வருஷம்!” என்றார் லிஃப்ட்காரர். “எட்டு வருஷமா தலைவரே தலைவரேன்னு டீ வாங்கிக் குடுத்திருக்கேன்யா!”

“என் நோட்டுல பேனாவால எழுதியிருக்கேன்,” என்றார் டீச்சர். “பேனாவால!”

தங்கை ஒயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சண்டையெல்லாம் அப்புறம் போடுங்க. என் விரல் மரத்துப்போகுது. அண்ணா, முடி.”

தலைவர் முடித்தார். பழையது கழன்றது, புதியது உட்கார்ந்தது, ஈயம் ஒரு சொட்டுப் பளபளப்பாகக் குளிர்ந்தது. கேசட்டை மூடி, டிவிக்குக் கீழே இருந்த பழைய மெஷினில் சொருகினார்கள். லிஃப்ட்காரர் தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டார்.

டிவி கொஞ்ச நேரம் சாம்பலாக இருந்தது. பிறகு அந்த இசை வந்தது. ‘டிங் டிடிங்’ என்று, வாளியில் சொட்டும் தண்ணீர் மாதிரி. அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் அடுத்த வரியை முணுமுணுத்தார்கள். திரையில் மூன்று வரிசை. இரண்டாவதில் வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயர், ‘வாலு’. பக்கத்தில் மின்னும் விளக்கு. ஒன்று.

லிஃப்ட்காரர் போட்ட கூச்சலில் அலமாரியிலிருந்து ஒரு கீழ்த்தாடை விழுந்தது. டீச்சர் அதைக் காற்றிலேயே பிடித்து, இன்னொரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மொத முயற்சியிலயா? எப்படிம்மா?”

“ஆமா, எப்படி?” என்றார் தலைவரும். இத்தனை வருடத்தில் இதை அவர் கேட்டதே இல்லை. கேட்டால், கண்டுபிடித்தது அவள் என்று ஒத்துக்கொண்டது போல ஆகிவிடுமே.

தங்கை சிரித்தாள். “இவன் எனக்கு எப்பவும் ரெண்டாவது கன்ட்ரோலரைத்தான் குடுப்பான். நீதான் விளக்குடீ, நீ அமுக்கினாத்தான் வெளிச்சம் வரும்பான். அம்மை போட்டப்ப வீட்ல யாருமில்ல. இவன் ஒம்பதாவது கட்டத்துல நிறுத்தி வெச்சிருந்தான். இவன் கன்ட்ரோலர்ல ஸ்டார்ட் மட்டும் அமுக்கிட்டு, அதைக் கீழ வெச்சுட்டு என்னுதை எடுத்துக்கிட்டேன். அமுக்கு அமுக்குன்னு அமுக்கறேன், அந்த ஆளு அசையவே இல்ல. எண்ணெய் தீந்து விளக்கும் அணைஞ்சுடுச்சு. ஒரே அழுகை. அப்பத்தான் சுவரு தெறந்துச்சு.”

“அப்புறம்?”

“பேரு எழுதச் சொல்லிச்சு. என்னுதுல எழுத்து நகரல. ஒயரைப் புடிச்சுக்கிட்டே போய்ப் பாத்தா, முனை எதுலயும் சொருகாம டிவிக்குப் பின்னால சும்மா தொங்கிட்டிருக்கு.”

தலைவர் பக்கத்தில் இருந்த முக்காலியைத் தேடி உட்கார்ந்தார். சொருகாத கன்ட்ரோலர். இரண்டு வருடம். அது அவளுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தார்.

“அன்னிக்கே தெரியுமா? ஏன் என்கிட்ட கேக்கல?”

“கேட்டா பக்கத்துல உக்கார விடமாட்டியே,” என்றாள் தங்கை, சாதாரணமாக. “இப்ப கிரேன்ல எனக்கு ரெண்டு ஜாய்ஸ்டிக். தெனமும் ரெண்டுக்கும் ஒயர் இருக்கான்னு பாத்துட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கறேன். மேஸ்திரி எனக்கு ரொம்பப் பொறுப்புன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு.”

லிஃப்ட்காரர் தலைவரைப் பார்த்தார். பிறகு பல் டாக்டர் நாற்காலியைத் துண்டால் தட்டி, “தலைவி, வாங்க,” என்றார். தங்கை ஏறி உட்கார்ந்தாள். இரண்டு மிதி உயர்த்தினாள். எட்டு மாடி உயரத்தில் உட்கார்ந்து பழகியவளுக்கு அது போதவில்லை; இன்னும் இரண்டு மிதித்தாள்.

அப்போதுதான் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்து அலறினார். பதினொன்று நாற்பது. இரண்டு வருடம் காத்திருந்த நேரலை முடிந்தே போயிருந்தது. லிஃப்ட்காரர் போனை எடுத்தார். விரல் வழுக்கியது. படித்தார். மறுபடி படித்தார். பிறகு அறையை மூன்று முறை சுற்றி ஓடினார்.

“ஓட்டை இருக்கு டீச்சர்! கதவு போட்ட ஓட்டை! பழைய கேசட்டெல்லாம் ஓடும்!”

டீச்சர் நோட்டைத் திறந்து சிவப்புப் பேனாவால் முதல் தடவையாகத் தன் வாக்கியத்தையே அடித்தார். பக்கத்தைப் புரட்டி, ரகசிய அறைக்கு நேரே இன்னொரு திருத்தமும் செய்தார்.

“கன்ட்ரோலர்?” என்றாள் தங்கை, நாற்காலியின் உச்சியிலிருந்து.

“ஒயர்லெஸ். ரெண்டும்,” என்றார் லிஃப்ட்காரர்.

“சே. இனிமே சின்னப் புள்ளைங்களை எப்படி ஏமாத்தறது?”

அவள் முதல் கன்ட்ரோலரை மடியில் எடுத்துக்கொண்டு, இரண்டாவதைத் தலைவரிடம் நீட்டினாள். தலைவர் வாங்கிக்கொண்டார். ஒயரின் முனை தன் செருப்புக்குப் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்தார். அதை எடுத்துச் சொருக ஒரு கை தூரம்தான்.

சொருகவில்லை. முக்காலியை நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் குட்டி மனிதன் சுரங்கத்துக்குள் குதித்தான்.

“வெளிச்சம் பத்தல அண்ணா, அமுக்கு!” என்றாள் தங்கை.

தலைவர் இரண்டு கட்டைவிரலாலும் விடாமல் அமுக்கினார்.